உணவுத் தட்டின் வரவு செலவு

“உடம்பு பருத்துவிட்டது, இனிச் சோற்றை நிறுத்த வேண்டியதுதான்” என்னும் பேச்சு இக்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அடிக்கடி காதில் விழுகின்றது. சிலர் இதனைச் சொல்வதோடு நில்லாமல் செய்தும் பார்க்கின்றனர். காலையுணவை அடியோடு விட்டுவிடுவோர் உளர். இரவில் சோற்றை நீக்கிப் பாண் உண்டு, அதுவே பத்தியம் என்று மன அமைதி கொள்வோரும் உளர். பதினைந்து நாள் சென்றதும் பசி தாங்காமல் பழைய வழக்கத்துக்கே திரும்புகின்றனர். இறங்கிய எடை மறுபடி ஏறிவிடுகின்றது. “இது எங்கள் பரம்பரை உடம்பு, என்ன செய்தாலும் குறையாது” என்று கூறி அத்தோடு முயற்சியைக் கைவிடுகின்றனர்.

இவ்வாறு சொல்பவர்களுள் எத்தனை பேர் தாம் நாடோறும் உண்பது எவ்வளவு என்று அளந்து பார்த்திருப்பர்? வீட்டுச் செலவுக்குக் கொப்பி வைத்துச் சதக் கணக்கையும் தவறவிடாத இல்லத்தரசிகள் நம்மிடையே பலர். ஆனால், அடுப்படியிலிருந்து உடம்புக்குள் செல்லும் வரவுக்கு அவர்களிடம் கணக்கு இல்லை. கணக்குப் பார்த்தால் வியப்பான உண்மையொன்று வெளிப்படும். நாம் பழி சுமத்தும் சோறு அவ்வளவு பெரிய குற்றவாளி அன்று. சோற்றின்மேல் ஊற்றுவதும், பக்கத்தில் வைப்பதும், இடையிடையே பருகுவதுமே எடையை ஏற்றுவதில் முன்னிற்கின்றன.

இஃது அழகை மட்டும் பற்றிய பேச்சாயின் இத்துணை விரிவாக எழுத வேண்டுவதில்லை. 2015 ஆம் ஆண்டில் இலங்கையில் 18 முதல் 69 வயது வரையுள்ளோரிடம் எடுக்கப்பெற்ற கணிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் மிகை எடை உடையோராகக் காணப்பட்டனர். பெண்களை மட்டும் எடுத்தால் மூவரில் ஒருவர். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த வேறோர் ஆய்வு, வளர்ந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவை நெருங்கும் தொகையினர்க்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. நீரிழிவு முற்றியபின் கண்ணும் சிறுநீரகமும் காலும் படும் பாட்டை அறியாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. ஆகவே, எடை என்பது கண்ணாடி முன் நின்று கவலைப்படும் பொருள் மட்டுமன்று; குடும்பத்தின் உழைப்பையும் எதிர்காலத்தையும் தொடும் பொருளாகும்.

கலோரி என்பது யாது?

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசால் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்ப அளவையே உணவு நூலார் கலோரி என்று வழங்குகின்றனர். விறகு எரிந்து வெப்பம் தருவதுபோல், உண்ட உணவும் உடலினுள் மெல்ல எரிந்து வேலைக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றது. எரிந்தது போக எஞ்சியதை உடல் வீசிவிடுவதில்லை. கொழுப்பாக்கிச் சேமித்து வைக்கின்றது. பஞ்ச காலத்தில் உயிர் காத்த இந்தச் சிக்கனமே, உணவு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் தொந்தியாக வந்து நிற்கின்றது.

இக்கணக்குக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தைச் சேர்ந்த வில்பர் அற்வாட்டர் என்னும் அறிஞர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மூடிய அறையொன்றினுள் மனிதரை இருத்தி, அவர்கள் உண்டதையும் அவர்கள் உடலிலிருந்து வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்து ஆராய்ந்தார். அவ்வழியில் பிறந்த வாய்பாடு மிக எளியது. மாப்பொருள் ஒரு கிராம் 4 கலோரி தரும்; புரதம் ஒரு கிராம் 4 கலோரி தரும்; கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரி தரும். மாணவர்கள் இம்மூன்று எண்களையும் மனத்திற் பதித்துக்கொண்டால் போதும். ஒரே நிறையுள்ள சீனியைக் காட்டிலும் எண்ணெய் இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சக்தி தருவது ஏன் என்பது இதனாலேயே விளங்கும்.

இந்த அறிவு மேனாட்டிலேயே தங்கிவிடவில்லை. நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, நம் அரிசிக்கும் பருப்புக்கும் கீரைக்கும் மீனுக்கும் உரிய சத்துக்களைப் பட்டியலிட்ட நூலொன்று 1937 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுப்பதில் தலைமை வகித்தவர் எய்க்ரொயிட் என்னும் வைத்தியர். அந்த ஆராய்ச்சிக் கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது. பட்டியலும் பலமுறை திருத்தப்பெற்று வந்துள்ளது. ஆதலின், நம்முடைய உணவுக்கு அளவு இல்லை என்று இனி எவரும் சொல்லவியலாது.

செலவு குறைந்தது, வரவு குறையவில்லை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் உடையது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், வயல்வெளிகள் பரந்து கிடக்கும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். அங்கே ஏரும் இங்கே வலையுமாக மனித உடல்கள் ஓயாது உழைத்தன. தோணி வலித்தும், மண்வெட்டி பிடித்தும், நெல் குற்றியும், தண்ணீர் சுமந்தும் வாழ்ந்தவர்க்குத் தேங்காய்ப் பாலும் எருமைத் தயிரும் கலந்த உணவு மிகையாகவில்லை.

எத்துணை வேறுபாடு என்பதை எண்ணாற் காணலாம். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் ஒருவர் கடும் உழைப்பாளியாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3470 கலோரி தேவை. அதே ஆடவர் இருந்த இடத்திலிருந்து வேலை செய்பவராயின் 2110 கலோரி போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கடும் உழைப்பில் 2720 கலோரியும், அமர்ந்த வாழ்க்கையில் 1660 கலோரியும் போதுமானவை. அதாவது, தந்தை வயலில் உழைத்தவர், மகன் அலுவலகத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டால், தந்தை உண்ட உணவில் ஐந்தில் இரண்டு பங்கு மகனுக்கு வேண்டியதில்லை. ஆனால், தட்டு அதே தட்டு. அகப்பையும் அதே அகப்பை. துவிச்சக்கர வண்டி நின்ற முற்றத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அம்மியும் உரலும் மூலையில் ஒதுங்கிவிட்டன. செலவு இவ்வாறு குறைந்தபோது வரவு குறையாமையே நம் துன்பத்தின் வேர்.

வாவி தரும் நல்லுணவு

முதலில் நற்செய்தியைச் சொல்லிவிடுவோம். வாவியில் பிடிபடும் உணவுகள் பெரும்பாலும் கொழுப்புக் குறைந்தவை. இறால் 100 கிராமில் 85 முதல் 100 கலோரி வரையே உண்டு. கொழுப்பு ஒன்றரைக் கிராமுக்கு மேற்படாது. நண்டின் தசையும் கணவாயும் ஏறத்தாழ அதே கணக்கில் அடங்கும். 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்று, இன்று ஏழை எளியோரின் மீனாகிவிட்ட திலாப்பியாவில் 100 கிராமுக்கு 100 கலோரிக்குச் சற்றுக் குறைவாகவே காணப்படும். கொழுப்பு இரண்டு கிராமுக்கும் உட்பட்டது. இவை யாவும் புரதம் மிக்கவை. புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். எடை குறையும் காலத்தில் தசை தேய்ந்துபோகாமற் காக்கும்.

பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை முதலியவற்றையும், கத்தரி, வெண்டி, புடோல், பாகல் போன்ற காய்களையும் கலோரிக் கணக்கில் அஞ்சவே வேண்டியதில்லை. நூறு கிராம் கத்தரிக்காய் 25 கலோரிதான் தரும். வயிறு நிரம்பும், கணக்கு நிரம்பாது. இளநீரும் அத்தகையதே, ஒரு குவளையில் 50 கலோரிக்கு உட்பட்டே இருக்கும்.

சோறு எப்படி? சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி உண்டு. நடுத்தரக் கோப்பையொன்றில் அடங்கும் சோறு 200 கலோரி என்று கொள்ளலாம். அதில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். சிவப்புப் புழுங்கலரிசிக்கும் வெள்ளைப் பச்சையரிசிக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. எனினும், தவிடு நீங்காத அரிசியில் நாரும் உயிர்ச்சத்தும் மிகுதியாதலால் பசி அடங்குவது எளிது. சோற்றைக் குவியலாக உண்பதே தவறு. சோற்றை உண்பது தவறன்று.

தேங்காயின் பங்கு

இனி, மறைந்திருக்கும் கணக்குக்கு வருவோம். திருவிய தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரியும் 33 கிராம் கொழுப்பும் உள்ளன. தண்ணீர் அதிகம் விடாமற் பிழிந்த முதற்பால் 100 மில்லி லீற்றரில் 230 கலோரியும் 24 கிராம் கொழுப்பும் உண்டு. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அது முழுவதும் கொழுப்பே. தேங்காய்க் கொழுப்பில் நூற்றுக்கு 90 பங்கு அளவு நிரம்பிய கொழுப்பு வகையைச் சார்ந்தது. இவ்வகைக் கொழுப்பு நாளுணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. 1660 கலோரி உண்ணும் பெண்ணுக்கு இது 18 கிராம்.

தேங்காயைப் பகையாக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். தென்னை இன்றி மட்டக்களப்புச் சமையல் இல்லை. காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், பகலில் பாலாணமும் பருப்பும் கீரைச் சுண்டலும், இரவில் பாணுக்கு மறுபடியும் சம்பல் என்று தேங்காய் ஒரு நாளில் ஐந்தாறு வேடம் பூண்டு தட்டுக்கு வருகின்றது. ஒவ்வொரு வேடமும் சிறிதாகத் தோன்றுவதால் அதனை எவரும் எண்ணுவதில்லை. அதுவே செய்தி.

ஒரு நாட் கணக்கு

வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கும் நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். இது கணக்கை விளக்குதற்காக அமைத்த எடுத்துக்காட்டு. ஆயினும் நம் வீடுகளில் காணாத உணவு ஒன்றும் இதில் இல்லை.

காலையில் 100 கிராம் மாவில் அவித்த இடியப்பம் 350 கலோரி. சொதியில் அவர் பங்குக்கு வரும் முதற்பால் 50 மில்லி லீற்றர் என்றால் 115. சம்பலில் 30 கிராம் தேங்காய்ப்பூ என்றால் 105. ஆகக் காலையுணவு 570 கலோரி.

பகலில் இரண்டு கோப்பைச் சோறு 400. வாவி மீன் 100 கிராம் 100. அந்த மீன் ஆணத்தில் கலந்த தேங்காய்ப்பால் 115. பருப்பு 30 கிராம் 105. பருப்பிற் சேர்ந்த பால் 60. கீரைச் சுண்டலிலுள்ள தேங்காய்ப்பூ 50. பொரியல் ஒன்று உறிஞ்சிய எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. ஆகப் பகலுணவு 950 கலோரி.

நாள் முழுவதும் நான்கு கோப்பைத் தேநீர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டிச் சீனி. ஒரு தேக்கரண்டிச் சீனி 20 கலோரி ஆகையால், சீனி மட்டும் 160. இரண்டு கோப்பைக்குப் பால்மா சேர்த்தால் அதற்கு 100. ஆக 260 கலோரி. இரவில் கால் றாத்தல் பாண் 300, சம்பல் 105. ஆக 405 கலோரி.

மொத்தம் 2185 கலோரி. இதில் தேங்காய் மட்டும் தந்தது எவ்வளவு என்று தனியே கூட்டிப் பாருங்கள்: சொதியில் 115, சம்பலில் 105, மீன் ஆணத்தில் 115, பருப்பில் 60, சுண்டலில் 50, இரவுச் சம்பலில் 105. ஆக 550 கலோரி! நாள் முழுவதற்குமான வரவில் நான்கில் ஒரு பங்கு. கொழுப்பு ஏறத்தாழ 55 கிராம். சோறு தந்ததோ 400 கலோரி. பழியெல்லாம் சோற்றுக்கு, பங்கு பெரிதாகத் தேங்காய்க்கு.

இப்போது ஓர் உணவையும் விலக்காமல் கணக்கைத் திருத்துவோம். தேங்காயைப் பாதியாக்கினால் 275 கலோரி மிஞ்சும். தேநீருக்கு இரண்டு கரண்டிக்குப் பதில் ஒரு கரண்டிச் சீனி போட்டால் 80. பொரியலை அவியலோ பச்சடியோ ஆக்கினால் 120. சோற்றில் அரைக் கோப்பை குறைத்தால் 100. ஆக 575 கலோரி குறைந்து, வரவு 1610 ஆகின்றது. இடியப்பமும் உண்டு, சோறும் உண்டு, மீனும் உண்டு, சம்பலும் உண்டு. பட்டினி இல்லை.

தேங்காயைப் பாதியாக்கினால் சுவை கெடாதா என்று கேட்கலாம். முதற்பாலை அடுத்த வேளைக்கு ஒதுக்கி, கப்பிப்பாலில் சொதி வைத்துப் பாருங்கள். கொழுப்பின் பெரும்பகுதி முதற்பிழிவிலேயே வந்துவிடுகின்றது. பின்னைய பிழிவுகளில் மணமும் சுவையும் இருக்கும், பாரம் இராது. வாரத்தில் மூன்று நாள் பாலாணத்துக்குப் பதில் புளியாணம் வைக்கலாம். சம்பலில் வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தேசிப்புளியையும் கூட்டித் தேங்காய்ப்பூவைக் குறைக்கலாம். மீனைப் பொரிப்பதிலும் அவித்தோ சுட்டோ உண்பது நன்று. நம் பாட்டிமார் அறியாத முறை இவற்றுள் ஒன்றும் இல்லை.

சிறிதாக வந்து பெரிதாக நிற்பவை

பாணைப் பற்றிய மயக்கம் ஒன்றை இங்கே தெளிவித்தல் வேண்டும். 450 கிராம் நிறையுள்ள பாண் ஒன்றில் ஏறத்தாழ 1200 கலோரி உண்டு. கால் றாத்தல் 300 கலோரி என்பது ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். ஆகவே, சோற்றை விட்டுப் பாணுக்கு மாறுவதால் மட்டும் எடை குறையாது.

மட்டக்களப்பின் பெருமைக்குரிய எருமைத் தயிர் நல்லுணவு. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. ஆனால், அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஏழு கிராம் கொழுப்பும் 100 கலோரிக்கு மேலும் உண்டு. அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டிச் சீனி தூவினால் இன்னும் 100 கலோரி. தயிரை விட வேண்டியதில்லை. சீனியை விட்டு, சிறிய கிண்ணத்தில் ஒரு வாழைப்பழத்துடன் உண்ணலாம். மரமுந்திரிகைப் பருப்பும் அவ்வாறே. ஒரு கைப்பிடியில் 165 கலோரி அடங்கும். கொழுப்பின் தரம் நல்லதெனினும், கதை பேசிக்கொண்டே மூன்று கைப்பிடி உண்டால் ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும்.

மாலையில் கடையில் வாங்கும் வடை, றோல்ஸ், பற்றிஸ் ஆகியவை எண்ணெயிற் குளித்தவை. கொத்துறொட்டியோ கோதுமை மாவும் எண்ணெயும் சேர்ந்த உணவு. ஒருவர்க்கென்று கட்டித் தரும் பொதியில் பெரும்பாலும் இருவர்க்குரியது இருக்கும். இனிப்பூட்டிய சோடா வகைகளில் 100 மில்லி லீற்றருக்கு 10 கிராம் சீனி இருந்தால், 400 மில்லி லீற்றர் போத்தலொன்றில் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சீனி. தேநீரில் எட்டுக் கரண்டி போட்டு எவரேனும் குடிப்பரோ? குளிர்ச்சி அந்த இனிப்பை நாவுக்கு மறைத்துவிடுகின்றது.

இவ்விடயத்தில் அரசு நமக்கு ஓர் உதவி செய்துள்ளது. 2016 ஆம் ஆண்டில் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களாற் காட்டும் விதி நடைமுறைக்கு வந்தது. 2019 இல் பொதி செய்த திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றைக் குறிக்க அதுபோன்ற விதி அமைந்தது. வீதிச் சமிக்ஞையை மதிப்பதுபோல் இந்நிறங்களையும் மதிக்கப் பிள்ளைகளைப் பழக்குதல் நன்று. எழுத்தறியாத பாட்டியும் சிவப்பைக் கண்டு விலக்கலாம்.

எவ்வளவு குறைய வேண்டும்?

எடையை உயரத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். கிலோகிராமிலுள்ள எடையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டெண். ஆசிய மக்களுக்கு 23 என்னும் எண்ணைத் தாண்டும்போதே நோய் இடர் கூடத் தொடங்குகின்றது என்றும், 27.5 ஐத் தாண்டினால் இடர் மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழுவின் கருத்து 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்தடி ஓரங்குலம், அதாவது 1.55 மீற்றர் உயரமுள்ளவருக்கு 23 என்பது 55 கிலோ, 27.5 என்பது 66 கிலோ. இடுப்பளவும் பார்க்கத் தக்கது. தென்னாசியருள் ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடுகள்.

உடற்கொழுப்பில் ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்னும் கணக்கை நியூயோர்க் வைத்தியர் மக்ஸ் விஷ்னொஃப்ஸ்கி 1958 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை பரப்பியது. மேற்காட்டிய பெண் 65 கிலோ எடையினர் என்றும், அவர் உடல் நாளொன்றுக்கு 1800 கலோரி செலவிடுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். 1610 உண்டால் 190 கலோரி பற்றாக்குறை. வாவிக்கரையிலோ கல்லடிக் கடற்கரையிலோ அரை மணி நேரம் விரைந்து நடந்தால் மேலும் 100 கலோரி செலவாகும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறையும். இது சிறிதன்று, ஓராண்டில் தெளிவாகத் தெரியும் மாற்றம். ஆயினும் எடை குறையக் குறைய உடலின் செலவும் சுருங்குவதால், இறங்கும் வேகம் வரவர மந்தமாகும். இதனை முன்கூட்டியே அறிந்தவர் மனம் தளரமாட்டார். ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்கவும் மாட்டார்.

கணக்குக்கும் எல்லை உண்டு. பட்டியலில் உள்ளவை சராசரி அளவுகள். தேங்காய்க்குத் தேங்காய், மீனுக்கு மீன் மாறுபடும். உப்புக்குக் கலோரி இல்லை; அதற்காகக் கருவாட்டையும் ஊறுகாயையும் அளவின்றி உண்டால் குருதி அமுக்கம் ஏறும். கலோரி குறைந்தது எல்லாம் நல்லுணவும் அன்று. இரண்டு மூன்று வாரம் அளந்து பார்த்தால், பின்னர் கண்ணே தராசாகிவிடும். ஆயுள் முழுவதும் கரண்டியும் கையுமாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணக் கூடாதவர் யார்?

ஒரு குடும்பத்தில் ஒரே சட்டியிலிருந்து உண்பவர் எல்லோருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. தாய்க்கு எடை மிகையாக இருக்கும் அதே வீட்டில் பிள்ளை மெலிந்திருத்தலும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் உணவைக் குறைத்தல் தகாது. மெலிந்த பிள்ளையின் தட்டில் தேங்காய்ப்பாலும் தயிரும் முட்டையும் மருந்துக்குச் சமம். தாய் தன் தட்டைத் திருத்தும்போது பிள்ளையின் தட்டைச் சுருக்கிவிடலாகாது. முதற்பாலைப் பிள்ளையின் கறிக்குச் சேர்த்து, கப்பிப்பாலைத் தன் கறிக்கு வைப்பதே சிறந்த பகிர்வு.

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் பெண்கள் சிலர், எடை சரியாயிருந்தும் பருத்துவிட்டதாக எண்ணிக் காலையுணவைத் தவிர்க்கின்றனர். பாடம் மனத்திற் பதியாமையும் தலைச்சுற்றும் இரத்தச்சோகையுமே அதன் பயன். சுட்டெண் 18.5 க்குக் கீழே இருப்பவர் எடையைக் கூட்ட வேண்டியவரேயன்றிக் குறைக்க வேண்டியவர் அல்லர். “நீ தடித்துவிட்டாய்” என்று பிள்ளைகளைக் கேலி செய்யும் பெரியோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுவோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் குருதியில் சீனி அபாயமாக இறங்கக்கூடும். சிறுநீரக நோயுடையோர்க்கும் தனிப் பத்தியம் உண்டு. இவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே எதனையும் மாற்றுதல் வேண்டும். அரசினர் வைத்தியசாலைகளில் எடை, இடுப்பளவு, குருதிச் சீனி, குருதி அமுக்கம் ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து அறிவுரை கூறும் வசதி உண்டு, நாணமின்றிப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் மனைப்பொருளியல் கற்கும் மாணவர் ஒருவர் இருப்பின் இவ்வாரம் அவரிடம் ஒரு பணியை ஒப்படையுங்கள். சிறு தராசொன்றில், ஒரு நாளைச் சமையலுக்குத் திருவிய தேங்காய்ப்பூவை நிறுத்து எழுதட்டும். ஊற்றிய எண்ணெயைக் கரண்டியால் அளக்கட்டும். போட்ட சீனியை எண்ணட்டும். இரவில் கூட்டி, உண்டவர் தொகையால் வகுத்து, அனைவருக்கும் வாசித்துக் காட்டட்டும். எவர்க்கும் அறிவுரை கூற வேண்டியதில்லை. எண்களைக் கேட்டபின், மறுநாள் தேங்காய் திருவும் கை தானாகவே சற்று நிதானிக்கும்.